திறந்த நோட்டுத் திட்டம்

கல்வி அலுவலகத்தின் நான்காவது மாடியில் ஒரு நாள் காலை பதினொன்றரை மணிக்கு, தேநீர் வருவதற்குச் சற்று முன்னால், குழந்தைகள் எழுதுவதை யாருமே படிப்பதில்லை என்ற உண்மை கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் இயக்குநர். பதவிக்கு வந்து ஆறு வருஷத்தில் அவர் ஒரு பள்ளி நோட்டைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. அதனால் அந்த உண்மை அவருக்குச் சுலபமாகப் புலப்பட்டது. தேநீர் குடித்து முடிப்பதற்குள் திட்டத்துக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது: திறந்த நோட்டு. இனிமேல் மாணவர்கள் வகுப்பில் எழுதுவது எதுவாக இருந்தாலும், உலகமே பார்க்கும்படி, அவரவர் பெயரில் ஒரு வலைப்பூவில் வெளியாக வேண்டும்.

‘எதுவாக இருந்தாலும்’ என்பதை இயக்குநர் பேச்சுவாக்கில் சொன்னார். அலுவலகம் அதை அப்படியே சுற்றறிக்கையில் அடித்து அனுப்பிவிட்டது. ஆகவே கட்டுரைகளோடு வாய்ப்பாடுகளும் இணையத்தில் ஏறின. ஏழாம் வாய்ப்பாட்டைவிட எட்டாம் வாய்ப்பாட்டுக்கு வரவேற்பு அதிகம் என்று ஒரு பள்ளி அறிக்கை கொடுத்தது. விடுப்புக் கடிதமும் எழுத்துதானே என்று யாரோ ஒரு எழுத்தர் சந்தேகம் கேட்க, ஆமாம் என்று பதில் வந்தது. ‘வயிற்றுப்போக்கு காரணமாக’ என்று தொடங்கும் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கடிதத்தை முந்நூறு பேர் படித்தார்கள். ஒரு வாரம் அது முதலிடத்தில் இருந்தது. அந்த மாணவன் மேலும் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை.

ஒரு பதிவுக்குக் குறைந்தது நூறு பார்வை, பத்துக் கருத்துரை என்று கணக்கு. குறைந்தால் பள்ளிக்கு மெமோ. ஆகவே ஆசிரியர்கள் இடைவேளையில் சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டு, இன்னொரு கையால் கருத்துரை போட்டார்கள். காவலாளியும் போட்டார். பள்ளி ஊழியர்களின் கருத்துரைக்கென்று அலுவலகம் அனுமதித்த சொற்கள் மூன்றுதான்: அருமை, சிறப்பு, மேலும் எதிர்பார்க்கிறோம். தங்கச்சிப் பாப்பா காய்ச்சலில் செத்துப்போன நாளைப் பற்றி ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அதற்குக் கீழே பதினான்கு பேர், ‘அருமை, மேலும் எதிர்பார்க்கிறோம்’ என்று எழுதியிருந்தார்கள்.

இதெல்லாம் இஸ்திரி அக்காவுக்குத் தெரியாது. அவள் ஒரு சலவைக் கடையில் துணி தேய்ப்பவள். காலையில் எட்டு மணிக்குப் பெட்டியைச் சூடாக்கினால் மாலை ஆறு வரைக்கும் நின்றபடியே வேலை. முதலில் காலர், பிறகு தோள், பிறகு கை, கடைசியில் முன்பக்கம். தெருவில் எல்லாரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு எட்டு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு பெட்டியோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டவர்களிடம், கப்பலில் வேலை என்று சொன்னாள்.

கப்பல் இல்லை. அவர் லாரி ஓட்டியவர். விடாமல் இருபது மணி நேரம் ஓட்டிவிட்டு, விடிகிற நேரத்தில் ஒரு நொடி கண் அசந்தார். முன்னால் சைக்கிளில் பால் கொண்டுபோனவர் இறந்துபோனார். ஏழு வருஷத் தண்டனை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம் என்று தெருவில் சொல்லிக்கொள்வார்கள்.

பொய் சொல்வதும் ஒரு உழைப்புதான். மேல்வீட்டு அம்மா வாரம் தவறாமல், “இப்ப கப்பல் எங்க நிக்குது?” என்று கேட்பார். இஸ்திரி அக்கா கப்பலை ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்கு நகர்த்திக்கொண்டே இருந்தாள். மகளின் பூகோளப் புத்தகம் அதற்கு உதவியது. ஒரு தடவை கடலே இல்லாத தேசம் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். நல்லவேளை, மேல்வீட்டு அம்மாவுக்கும் பூகோளம் வராது.

மகளுக்கு அப்பா வைத்த பெயர் மைனா. ஓயாமல் பேசுவாள். கப்பல் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அவளும் திறக்கவில்லை. ஆனால் ஆறாம் வகுப்பில் மொழிப்பாட டீச்சர் ஒரு நாள், “மனசுல இருக்கறத எழுதுங்க. பரீட்சைக்கு இல்ல, மார்க்கும் இல்ல. நான் ஒருத்திதான் படிப்பேன். படிச்சிட்டு மூடி வச்சிடுவேன்” என்றார். மைனா மூன்றரைப் பக்கம் எழுதினாள். தலைப்பு: ஞாயிற்றுக்கிழமை.

‘எங்கள் அப்பா கப்பலில் இருக்கிறார் என்று அம்மா சொல்லுவாள். நானும் சொல்லுவேன். சொல்லிச் சொல்லி எனக்கு அந்தக் கப்பலைத் தெரியும். அதன் சன்னல் கண்ணாடி மிகவும் தடிமன். அப்பா அந்தப் பக்கம் உட்கார்ந்து போனில் பேசுவார். இரண்டு முழம் தூரத்துக்கு எதற்கு போன் என்று முதல் தடவை நான் சிரித்துவிட்டேன். இப்போது சிரிப்பதில்லை. கிளம்பும்போது, பால்காரருக்கும் உன் வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று அப்பா சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் சொல்லுவார்.’

அதில் எழுத்துப் பிழை பதினேழு. டீச்சர் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்தை மட்டும் போட்டு, நோட்டை அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் கழித்துத்தான் திட்டம் வந்தது. பழைய நோட்டுகளும் சேரும் என்று இரண்டாவது சுற்றறிக்கை சொன்னது. ஒரு சனிக்கிழமை நான்கு பேர் கொண்ட பதிவேற்றக் குழு வந்து அலமாரிகளைத் திறந்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு போனது. டீச்சர் அன்று ஊரில் இல்லை. ‘மாணவர் நம்பிக்கையைக் காப்பது எப்படி’ என்ற மூன்று நாள் பயிற்சிக்கு அலுவலகம் அவரை அனுப்பியிருந்தது.

இஸ்திரி அக்காவுக்கு விஷயம் தெரிந்த விதம் விசித்திரமானது. மேல்வீட்டு அம்மா கப்பலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. மாடிப்படியில் பார்த்தால், “சாப்பிட்டியாம்மா?” என்று மட்டும் இதமாகக் கேட்டுவிட்டு நகர்ந்தார். வழக்கமாகத் தேய்ப்பில் குறை சொல்லும் வாடிக்கையாளர்கள் குறை சொல்லவில்லை. ஒருவர், காலரில் மஞ்சளாகத் தீய்ந்த சட்டையைக்கூட நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். ஊரே திடீரென்று நல்லதாகிவிட்டதில், அவள் ஒவ்வொரு சட்டையையும் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு தடவை புரட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.

கடைசியில் கடை முதலாளிதான் கைபேசியை நீட்டினார். “நீ பாக்கலியாம்மா இன்னும்? பதினெட்டாயிரம் பேர் பாத்திருக்காங்க.”

மைனாவின் கோணல் எழுத்து அவளுக்கு உடனே தெரிந்தது. மேலே மைனாவின் முழுப் பெயர், வகுப்பு, பள்ளி, புகைப்படம். மூன்றரைப் பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். படித்து முடித்தபோது பெட்டிக்கு அடியில் யாருடைய கால்சட்டையோ புகைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கேட்டாள். “ஏண்டி எழுதினே?”

“டீச்சர் மட்டுந்தான் படிப்பேன்னாங்கம்மா.”

“உனக்கு எப்போ தெரியும், இது வெளில வந்தது?”

“மூணு வாரமா.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

மைனா புத்தகப் பையை எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். மூன்று வாரமாகவே அவள் சரியாகப் பேசவில்லை என்பது அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. வேலைக் களைப்பில் வீட்டின் அமைதியை நிம்மதி என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியர் எழுந்து நின்று வரவேற்றார். அவர் யாருக்கும் எழுந்து நிற்பவர் இல்லை.

“வாங்கம்மா, உங்களால எங்க ஸ்கூலுக்கு எவ்ளோ பெருமை தெரியுமா? போன மாசம் நாங்க கடைசில இருந்து மூணாவது.”

“அத எடுத்துடுங்க சார்.”

“எதம்மா?”

“எம்பொண்ணு எழுதினத.”

தலைமையாசிரியர் உட்கார்ந்தார். “எங்களுக்கு ஏத்தறதுக்கு மட்டுந்தாம்மா அதிகாரம். எறக்கறதெல்லாம் அலுவலகம்.” பிறகு குரலைத் தணித்து, “அதோட, இப்ப எறக்கினா எங்க சராசரி பதிமூணாயிடும்” என்றார்.

வராந்தாவில் டீச்சர் நின்றிருந்தார். இஸ்திரி அக்காவைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த வருகைப் பதிவேடு நழுவியது. “பேரையாவது எடுங்கன்னு ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேங்க. பேரு இருந்தாத்தான் பிள்ளைக்குப் பெருமைன்னு பதில் வந்துச்சு” என்றார். அவரைத் திட்டலாம் என்று வந்தவள், குனிந்து பதிவேட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

கல்வி அலுவலகத்தில் திட்ட அலுவலர் அவள் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். மனுவை இங்கே கொடுத்தால் மேசை மேசையாகப் போக ஒரு மாதம் ஆகும், வெள்ளிக்கிழமை விழாவுக்கு வந்தால் எல்லா அதிகாரிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள், இயக்குநர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்றார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டே அவள் பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை மனுவை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு போனாள். வாசலில் இரண்டு பேர் அவளை அடையாளம் கண்டு நேரே மேடைக்கு அழைத்துப்போய், நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேடையில் ஆறு பேர். அதில் மூன்று சட்டைகள் அவள் தேய்த்தவை. பின்னால் ஆளுயரத்துக்கு மைனாவின் எழுத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். ‘கண்ணாடி’ என்ற சொல்லில் மைனா எழுதாமல் விட்ட துணைக்காலின் இடம், ஒரு மனிதன் நுழையும் அகலத்துக்கு இடைவெளியாகத் தெரிந்தது.

இயக்குநர் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தார்.

“பெரியோர்களே, இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது என்ன கேட்டார்கள்? குழந்தைகள் எழுதுவதை யார் படிப்பார்கள் என்று கேட்டார்கள். இன்றைக்குப் பதில் கிடைத்துவிட்டது. இந்தச் சிறுமியின் தந்தையைச் சிறையில் பதினெட்டாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.” கைதட்டல். “நாம் ஆய்வு செய்தோம். அப்பா அம்மாவோடு நன்றாக இருக்கிற பிள்ளைகள் எழுதியவை நாற்பது பார்வையைத் தாண்டவில்லை. அம்மா இல்லாத பிள்ளைக்கு நானூறு. தீ விபத்துக்கு ஆயிரத்து இருநூறு. சிறைக்குப் பதினெட்டாயிரம். ஆகவே, நான் தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் பள்ளியிலும் இப்படி ஒரு தந்தை இருக்கிறார். தேடுங்கள். பிள்ளைகளிடம் அன்பாகப் பேசுங்கள், சொல்லிவிடுவார்கள். இதோ இந்தத் தாய் நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். மறைத்தாரா? இல்லை.”

பிறகு இஸ்திரி அக்காவுக்குச் சட்டம் போட்ட ஒரு படத்தைக் கொடுத்தார்கள். அதுவும் அந்த மூன்றரைப் பக்கம்தான், சின்னதாக. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் மடித்த காகிதத்தை நீட்டி, “இத எடுத்துடுங்க சார், உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்” என்றாள்.

இயக்குநர் காகிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “விருது வேண்டாம் என்கிறார். என்ன ஒரு எளிமை” என்றார். அரங்கம் எழுந்து நின்று தட்டியது.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பதிவு நீக்கக் கோரிக்கை, ஒன்பது பக்கம். எழுதியவர் சிறுவர் என்றால் தாய், தந்தை இருவரும் கையெழுத்திட வேண்டும். நீக்கக் காரணத்தைத் தெளிவாக எழுத வேண்டும். ‘சொந்தக் காரணம்’ என்று அவள் எழுதிக் கொடுத்ததைத் திட்ட அலுவலர் திருப்பித் தள்ளினார். “இப்படி மொட்டையா எழுதினா தள்ளுபடி ஆயிடும்மா. உள்ளத உள்ளபடி எழுதுங்க. நாங்க என்ன வெளியாளா?” அவள் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தன் கைப்பட எழுதினாள்: ‘என் கணவர் சிறையில் இருப்பது வெளியில் தெரிந்தால் நாங்கள் இந்த ஊரில் இருக்க முடியாது.’

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகப் போனாள். மைனா வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மூன்று வருஷத்தில் அது முதல் தடவை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையில் நாலைந்து தாள்கள் இருந்தன. சிறை நூலகத்தில் யாரோ அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஓரமெல்லாம் கசங்கியிருந்தது.

“நல்லா எழுதியிருக்கால்ல?” என்றார் போனில். “முதல் தடவ போனப் பாத்து சிரிச்சா. ஞாபகம் இருக்கா? அதக்கூட எழுதியிருக்கா. நான் எதுக்குச் சிரிக்கிறான்னு தெரியாம ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன்.”

“அத எடுக்கணும். நீங்க கையெழுத்துப் போடணும்” என்றாள்.

அவர் தாள்களின் கசங்கிய ஓரத்தை விரலால் நீவினார். “போடறேன். போடாம என்ன. எனக்கு இந்த நகல் இருக்கு” என்றவர், கடைசித் தாளைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைத்துக் காட்டினார். “இத அவ படிச்சிருப்பாளா?”

அது கருத்துரைகள் இருந்த பக்கம். அருமை. சிறப்பு. அருமை. அருமை. மேலும் எதிர்பார்க்கிறோம். நடுவில் ஒன்று மட்டும் நீளமாக இருந்தது: ‘அந்தச் சைக்கிளில் போனவர் என் அப்பா. நான் ஏழாம் வகுப்பு. நீ மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறாய்.’ அதற்குக் கீழே, அலுவலகத்தின் இயந்திரம் தானாகப் போட்ட பதில்: ‘உங்கள் கருத்துக்கு நன்றி. நீங்களும் உங்கள் பள்ளியில் எழுதத் தொடங்குங்கள்.’

தேதியைப் பார்த்தாள். மகளின் வாய் மூடிக்கொண்ட வாரம்.

“படிச்சிருக்கா” என்றாள்.

அவர் தாளை இறக்கவில்லை. தாளுக்குப் பின்னால் அவர் முகம் தெரியவில்லை. காவலர் வந்து நேரம் முடிந்தது என்று சொன்னபோதும் தாள் கண்ணாடியிலேயே இருந்தது. கடைசியில், “அவள ஒரு லெட்டர் எழுதச் சொல்லு. என்ன வேணா எழுதட்டும். திட்டி எழுதினாலும் பரவால்ல” என்று போனில் கேட்டது.

சிறை அதிகாரி, ‘மேற்படி நபர் இங்கேதான் இருக்கிறார்’ என்று சான்று எழுதி, வட்ட முத்திரை குத்தி, படிவத்தைக் கொடுத்தார்.

அலுவலகம் இந்த முறை வேகமாக வேலை செய்தது. நான்கே நாளில் கட்டுரை நீக்கப்பட்டது. ஆனால் வெளிப்படைத்தன்மை விதியின்படி, நீக்கப்பட்ட இடத்தில் நீக்கக் கோரிக்கையைக் காரணத்தோடும் இணைப்புகளோடும் வெளியிட வேண்டும். ஆகவே மைனாவின் கோணல் எழுத்து இருந்த இடத்தில் இப்போது அம்மாவின் எழுத்து இருந்தது. அடுத்த பக்கத்தில் சிறை முத்திரை. கருத்துரைகள் பொதுமக்களின் சொத்து என்பதால் அவற்றை யாரும் தொடவில்லை; அந்த ஒன்றும் அங்கேயே இருந்தது. மாலைக்குள் இருபத்து மூன்றாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். பெற்றோர் பிரிவில் அது முதலிடம். ‘அருமை, மேலும் எதிர்பார்க்கிறோம்’ என்று முதலில் எழுதியிருந்தவர் திட்ட அலுவலர்.

வீட்டை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. அவளும் போகவில்லை. போவதற்கு இன்னொரு ஊரும் இன்னொரு கப்பலும் வேண்டும். அவளிடம் இரண்டும் இல்லை. மேல்வீட்டு அம்மா தொடர்ந்து இதமாகவே நடந்துகொண்டார். அந்த இதத்தைத் தாங்க முடியாமல் அவள் மாடிப்படி பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் டீச்சர் கடைக்கு வந்தார். தேய்ப்பதற்கு என்று ஒரு மேசை விரிப்பைக் கொண்டுவந்திருந்தார்; அது ஏற்கெனவே தேய்த்துத்தான் இருந்தது. இஸ்திரி அக்கா ஒன்றும் சொல்லாமல் அதை விரித்து மறுபடி தேய்த்தாள்.

“மைனா இப்பல்லாம் ரொம்ப நல்லா எழுதறா” என்றார் டீச்சர். “மரங்களின் பயன்கள், சாலை விதிகள், எல்லாத்துக்கும் முழு மார்க். முன்னெல்லாம் பக்கத்துக்கு அஞ்சு தப்பு இருக்கும். இப்ப ஒரு தப்புகூட இல்லைங்க.” சொல்லிவிட்டு, சூடாக மடித்த விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று சாயங்காலம் இஸ்திரி அக்கா ஒரு தாளையும் உறையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மைனா சாலை விதிகளை எழுதிக்கொண்டிருந்தாள்.

“அப்பாக்கு ஒரு லெட்டர் எழுதுடி. கேட்டாரு.”

மைனா பேனாவை மூடினாள். “எத்தன பேரு படிப்பாங்க?”

அம்மாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “ரெண்டு பேரு. அங்க ஒரு ஆபீசர் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பாரு. அப்புறம் அப்பா.”

மைனா தாளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா அடுப்படிக்குள் போய், பாத்திரங்களை ஓசைப்படாமல் கழுவினாள். வெகுநேரம் பேனா நகரும் சத்தமே இல்லை. பிறகு கொஞ்சம் கேட்டது. திரும்பி வந்து பார்த்தபோது தாளில் ஒரே வரிதான் இருந்தது. பிழை இல்லாமல், நேர்கோட்டில், அழகான கையெழுத்தில்: ‘அன்புள்ள அப்பா, நலம், நலமறிய ஆவல்.’

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாம்மா.”

மைனாவே தாளை மடித்து உறைக்குள் போட்டாள். பசைக் குப்பியைத் திறந்து மூடும் இடத்தில் தடவினாள். அது ஒட்டிய பிறகும் விடவில்லை. பக்கவாட்டு ஓரங்களிலும், கடையில் ஏற்கெனவே ஒட்டியிருந்த அடி ஓரத்திலும் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள்.

“அங்க பிரிச்சுடுவாங்கடி” என்றாள் அம்மா.

“தெரியும்” என்று சொல்லிவிட்டு, மைனா ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.